மேலே கேட்டுவிடும்

என் ஆயுளில் நான் பார்த்த பயந்தாங்கொள்ளிகள் பலர். நானும் அதில் ஒருவன்தான், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வளவு தூரம் ஓடி வந்திருப்பேனா. ஆனால் பாரிஸின் லா சப்பலில் எங்கள் பக்கத்து அறையில் குடியிருந்த புதுச்சேரிக்காரரைப் போலப் பயந்த ஒரு மனிதரை நான் வேறெங்கும் காணவில்லை. எங்களைப் போலப் பொலிசுக்குப் பயந்திருந்தால் விளங்கிக்கொண்டிருப்போம். அவரிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, அரசாங்க உத்தியோகம் இருந்தது, பட்டாளத்தில் இருந்து வந்த அகன்ற மார்பும் இருந்தது. அவர் பயந்தது கடவுளுக்கு. அதுவும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்க் கும்பிட்ட தன் சொந்தக் கடவுளுக்கு இல்லை, பழைய கிரேக்கர்களின் கடவுள்களுக்கு.

"மாதாகிட்ட அழுதா மன்னிச்சுடுவா தம்பி. அவங்ககிட்ட அழுது ஒண்ணும் ஆவாது" என்பார்.

அவர் ஒரு பெரிய மியூசியத்தில் காவலாளி. பட்டாளத்தை விட்டு வந்தவர்களுக்கு அந்த மாதிரி வேலை கொடுப்பார்கள். அவர் காவல் இருந்த மண்டபத்தின் கூரை முழுவதும் கிரேக்கக் கதைகள்: வானத்திலிருந்து விழுகிறவர்கள், எரிகிறவர்கள், தலைகீழாகத் தொங்குகிறவர்கள். பகல் முழுவதும் அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நல்ல மனிதனுக்கும் மூளை பிசகும் என்று எங்கள் அறையில் பகிடி பண்ணுவோம். நாங்கள் அவரை முசியே என்று கூப்பிட்டோம். 'ஐயா' என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அவர் ஊர்க்காரர் வாயில் அப்படித்தான் வரும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில் பழைய கட்டடம், மூன்றாம் மாடி. ஒரே அறையில் ஆறு பேர், முறை வைத்துப் படுப்போம். ஒருநாள் எங்களில் ஒருவனுக்கு ஊரில் மகன் பிறந்த செய்தி வந்து, அவன் நடையில் நின்று கத்திக் கூத்தாடினான். முசியே தன் கதவைத் திறந்து, விரலை உதட்டில் வைத்து, "மெதுவா. மேல கேக்கும்" என்றார். மேல் மாடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தாள். சத்தம் போட்டால் தும்புத்தடியால் தரையில் இடிப்பாள். அவளைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நாங்கள் மெல்லக் கதைத்தோம். கிழவி ஊருக்குப் போயிருந்த நாளிலும் அவர் அதையே சொன்னபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

நல்லது எதையும் அவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சூப் நன்றாக இருக்கிறது என்றால் "உப்பு தூக்கல்" என்பார். வெயில் அடிக்கிறது என்றால் "நாளைக்கு மழை" என்பார். என் மகளுடைய படத்தை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவேன். அவளும் மனைவியும் அப்போது ஊரில். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுகிற நாட்கள். எப்படியாவது இங்கே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்திருந்தேன். சந்திக்கிறவர்களுக்கெல்லாம் படத்தைக் காட்டி, இந்த வயதிலேயே என்ன கதை கதைப்பாள் தெரியுமா என்று தொடங்கிவிடுவேன். முசியேயிடம் நீட்டியபோது அவர் பார்க்கவே இல்லை. உள்ளங்கையால் படத்தை மூடி, திரும்ப என் பைக்குள் தள்ளி, பையின் பொத்தானையும் அவரே போட்டுவிட்டார்.

"உள்ள வைங்க தம்பி. இதெல்லாம் காட்டற பொருள் இல்ல" என்றார்.

அவருக்கு ஒரு மகன் இருந்தான். மனைவி இறந்த பிறகு அவருக்கென்று மிஞ்சியது அவன் ஒருவன்தான். அவனைப் பற்றி மட்டும் முசியே தாராளமாகப் பேசுவார். பலசரக்குக் கடையில் கேட்டாலும், கோயில் வாசலில் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான். "அவனா, குடிகாரப் பய. ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல. இப்ப ஜெயில்ல கெடக்கறான்." அதைச் சொல்லும்போது குரலை வேண்டுமென்றே உயர்த்துவார். மெதுவா மெதுவா என்கிற மனிதர் மகனைத் திட்டுவதற்கு மட்டும் தெருக் கேட்கக் கத்துகிறாரே என்று எங்களுக்கு யோசனை. சரி, பெற்ற மனம் எரிகிறது என்று விட்டுவிட்டோம். மகன் அந்தக் கட்டடத்துப் பக்கம் வந்ததே இல்லை.

எங்கள் அறையில் தவம் என்றொருவன் இருந்தான். நல்லவன், ஆனால் வாய் சும்மா கிடக்காது. முசியேயைக் கண்டால், "முசியே, நான் இண்டைக்கு நல்ல சுகம்" என்று கூரையைப் பார்த்துக் கத்துவான். அவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார், நாங்கள் சிரிப்போம். தவத்துக்கு அகதி என்று ஏற்றுக்கொண்ட கார்ட் வந்தது. எங்கள் ஆட்கள் கார்ட் வந்தால் ஆட்டிறைச்சி வாங்கிக் காய்ச்சி மாடி முழுக்கக் கொடுப்பது வழக்கம். முசியேயும் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். தவம் ஒரு எலும்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இனி என்னை இந்த நாட்டிலை ஒருத்தனாலும் விழுத்தேலாது" என்றான்.

முசியே கோப்பையைக் கீழே வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கிழமையே தவம் ரெஸ்டோரன்டில் நிலவறைப் படியில் உருளைக்கிழங்கு மூட்டையோடு சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அது எண்ணெய் படிந்த படி, அதில் விழாமல் இருந்தால்தான் அதிசயம். எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் அவனைப் பத்துப் போட்ட காலோடு தூக்கி வந்து படுக்க வைத்த அன்று எங்கள் அறையில் ஒருவனும் சிரிக்கவில்லை. முசியே வாசலில் நின்று அந்தக் காலைப் பார்த்தார். நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பிறகு ஒரு ஞாயிறு எனக்கு வேலை இல்லை என்று தெரிந்து, வாங்க தம்பி என்று தன் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்கள் எல்லோரும் கழுத்து வலிக்க அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் மட்டும் தரையைப் பார்த்தபடி விரலை மேலே நீட்டி எனக்குக் காட்டினார்.

"வலது மூலைல ரெக்கையோட ஒரு பையன் இருக்கானா?"

"ஓம்."

"இக்கார். அப்பன் மெழுகு வச்சு ரெக்க செஞ்சு குடுத்தான். ரொம்ப மேல போவாதடான்னு சொன்னான். போனான். நடுவுல தேர் கவுந்திருக்குதா?"

"ஓம். குதிரையள் தலைகீழாக் கிடக்குது."

"ஃபாயெத்தோன். சூரியனோட புள்ள. ஒரு நாளைக்கு நான் ஓட்டறேன்னு அப்பன்கிட்ட கேட்டான். அவனும் மனசு கேக்காம குடுத்துட்டான். பாதி வழியில இடி போட்டுத் தள்ளிட்டாங்க."

சுவரோரத்தில் வெள்ளைக் கல்லில் ஒரு பெண் நின்றாள். அவள் மடியில் ஒரு சிறுமி முகத்தைப் புதைத்திருந்தாள். தன் சேலை மாதிரி ஒரு துணியை இழுத்துப் பிள்ளையை மூடிக்கொண்டு அந்தத் தாய் வானத்தைப் பார்த்தாள். முசியே அவளை மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அவள் பெயர் நியோபே என்றார்.

"இவ என்ன பிழை செய்தவ?" என்று கேட்டேன்.

"பேசினா." குரலைத் தாழ்த்தினார். "என் புள்ளைங்க மாதிரி எவளுக்கு இருக்குதுன்னு ஊர் கேக்கப் பேசினா. ஊர் கும்பிடற தேவிக்கே ரெண்டு புள்ளைங்கதான், எனக்கு வீடு நெறைய இருக்குதுன்னா. அன்னிக்கே அத்தினி புள்ளைங்களையும் அம்பு விட்டுக் கொன்னுட்டாங்க. இது கடைசிப் பொண்ணு. அம்மா மடியில ஒளியுது பாருங்க. அதையும் விடல."

இதெல்லாம் கதை முசியே என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பொத்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன்.

லா சப்பலில் மெட்ரோ நிலத்துக்குக் கீழே ஓடாது. தெரு நடுவே இரும்புத் தூண்கள் நாட்டி, பாலம் போட்டு, தலைக்கு மேலே ஓடவிட்டிருக்கிறார்கள். ஒரு மத்தியானம் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பாலத்துக்கு எதிரே முசியே நிற்பதைக் கண்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எந்தக் கூரையையும் நிமிர்ந்து பார்க்காத மனிதர் கழுத்தை முழுக்க வளைத்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நிலையமான ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு மெட்ரோ கடகடத்துப் போனது. அது மறையும் வரை பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்ன முசியே மேலை பாக்கிறியள்?"

திடுக்கிட்டுப் போனார். "இரும்பு உறுதியா இருக்குதான்னு பாத்தேன்" என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார். பாவம், முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

கால் உடைந்த தவம் பகலில் அறையிலேயே கிடந்தான். அதனால்தான் அது நடந்தது. ஒரு பின்னேரம் நான் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். யாரோ முசியேயின் கதவைத் தட்டினார்கள். தவம் ஊன்றுகோலோடு போய் எட்டிப் பார்த்தான். கையில் கேக் பெட்டியோடு ஒரு இளைஞன் நின்றான். நல்ல உடுப்பு, மழித்த முகம். அந்த மூக்கையும் நெற்றியையும் பார்த்தால் யாருடைய மகன் என்று கேட்கத் தேவையில்லை.

சிறையிலிருந்து விட்டுவிட்டார்கள், கிழவரிடம் காசு பிடுங்க வந்துவிட்டான் என்று தவம் முடிவு கட்டிவிட்டான். முசியேயைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். தனக்குத் தெரிந்த ரெஸ்டோரன்ட் பிரெஞ்சு முழுவதையும் ஒரே மூச்சில் இறக்கினான். நீ குடி, நீ சிறை, அப்பாவிடம் காசு இல்லை, அப்பா அழுகிறார், போ.

அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. "யார் சொன்னது?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"உன் அப்பா. கடையில் சொல்வார், கோயிலில் சொல்வார், எல்லோருக்கும் சொல்வார்" என்றான் தவம்.

அவன் மெல்லப் படியில் உட்கார்ந்தான், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. எங்களுக்கு உள்ளே போகவும் மனம் வரவில்லை, நிற்கவும் முடியவில்லை. கீழே முசியேயின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவர் திரும்பி ஏறி வந்து மகனைக் கண்ட கணத்தில் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் கண்டதே இல்லை. அடுத்த கணமே விளக்கை அணைப்பதுபோல அதை அணைத்துவிட்டார்.

"இங்க ஏன் வந்த? வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல."

மகனுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. பிரெஞ்சில் சொன்னான். எனக்கே விளங்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். காலையில் மகள் பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு அக்காவின் பெயரை வைத்திருக்கிறேன்.

முசியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சிறையில் இருக்கிறேன் என்று இவர்களிடம் சொன்னீர்களாமே" என்றான் மகன். அவர் கண்ணைத் தாழ்த்தினார். "பரவாயில்லை. இப்போது இவர்களுக்கு முன்னால் ஒரு தடவை சொல்லுங்கள். என் மகன் நல்லவன் என்று சொல்லுங்கள். என் பேத்தி நன்றாக இருப்பாள் என்று சொல்லுங்கள். நான் வேறொன்றும் கேட்கவில்லை."

ஒரு சொல்தானே, சொல்லித் தொலையுங்கோ முசியே என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவர் வாயைத் திறந்தார். உதடு ஆடியது. கண் மெல்ல மேலே போனது, அந்த வெடித்த சுண்ணாம்புக் கூரைக்கு. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. செல்குண்டு விழப்போகிற நேரம் பங்கருக்குள் இருக்கிற முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகம்தான் அது.

"இந்தக் குடிகாரனுக்கு ஒரு புள்ளையா" என்றார், கட்டடம் கேட்க. "அது எங்க உருப்படப் போவுது."

மகனுக்கு அந்தத் தமிழ் விளங்கியது. பெட்டியைப் படியில் வைத்துவிட்டு எழுந்து இறங்கிப் போனான். முசியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் சத்தம் தேய்கிற வரைக்கும் நின்றார். கூப்பிடவில்லை.

அடுத்த நாள் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன். எனக்கு ஆத்திரம். "ஏன் முசியே அப்பிடிச் சொன்னனீங்கள்? பெத்த தகப்பன் சொல்லுற சொல்லே அது?" என்று வாசலிலேயே கேட்டேன். அவர் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்துக்குக் கீழே மெல்லிய குரலில் சொன்னார்.

அவருக்கு முதலில் ஒரு மகள் இருந்தாளாம். நாலு வயதுப் பிறந்தநாளுக்குப் பட்டாளத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் விருந்து. பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, வானத்திலே தேடினாலும் இது மாதிரி ஒன்று கிடைக்காது என்று இவர் கத்தினாராம். அந்த வாரமே காய்ச்சல். மாதாவுக்கு நேர்ந்தார்கள், பிள்ளை தங்கவில்லை. ஏன் என்று பல காலம் விளங்காமல் இருந்து, மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தக் கல் பெண்ணைக் கண்டதும் விளங்கிவிட்டதாம்.

"இவன் பொறந்தப்பவே முடிவு பண்ணிட்டேன் தம்பி. ஒருத்தர்கிட்டயும் நல்லா சொல்றதில்லன்னு. தங்கமான புள்ள. மெட்ரோ ஓட்டறான், இந்த லைன்லதான். தெனம் நம்ம தலைக்கு மேல போறான்." கடைசிச் சொல்லை உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்.

எங்கள் ஊரிலும் இது இருக்கிறது. முதல் பிள்ளை தவறினால் அடுத்ததற்குக் குப்பை என்றோ பிச்சை என்றோ பெயர் வைப்போம், எமன் கண்ணில் படக் கூடாது என்று. கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்போம். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் பொட்டை அழித்துவிடுவோம். இந்த மனிதர் அழிக்கவே இல்லை. பிள்ளைக்கு மீசை முளைத்து, உத்தியோகம் கிடைத்து, கல்யாணம் ஆன பிறகும் அந்தப் பொட்டைத் தெருத் தெருவாக வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். பாரிஸில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்.

"இதை நீங்கள் அவனிட்டைச் சொல்லயில்லையே?"

"சொன்னா கேட்டுடும். ஏமாத்தறேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். வாணாம் வாணாம் என்று என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு வந்தேன். ஒரு மத்தியானம் பிளாட்ஃபாரத்தின் முனையில் நின்று, வருகிற மெட்ரோ ஒவ்வொன்றிலும் முன்பெட்டியைப் பார்த்துக் கடைசியில் அவனைப் பிடித்தேன். அவன் என்னை அடையாளம் கண்டு கண்ணாடியை இறக்கினான். மணி அடிப்பதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். பாத்திரம் கழுவிக் கற்ற பிரெஞ்சில் எமனையும் கறுப்புப் பொட்டையும் எப்படிச் சொல்வது. "அப்பா கெட்டவர் இல்லை. அப்பாவுக்குப் பயம், பெரிய பயம்" என்றேன்.

"என்மேலா?" என்று கேட்டான். முகம் அப்படியே விழுந்துவிட்டது. நான் இல்லை இல்லை என்று தலையாட்டும்போது கதவுகள் மூடிவிட்டன.

அதற்குப் பிறகும் முசியே பாலத்துக்கு எதிரே போய் நின்றார். மழையிலும் நின்றார். ஒருநாள் படியில் என்னைக் கண்டு, "லைன் மாத்திக்கிட்டான் தம்பி" என்றார். "இப்ப ஓட்டற லைன் முழுக்கத் தரைக்குக் கீழதானாம்."

"அப்ப உங்களுக்கு இனி அவனைப் பாக்கவும் கிடைக்காதே முசியே."

"நல்லதுதான். கீழ ஓடறவன் எங்க விழப் போறான்" என்றார். கொஞ்சம் நிம்மதியாகக்கூடச் சொன்னார்.

அதே மாதத்தில் என் மனைவியும் மகளும் வெளிக்கிட்டார்கள். மொஸ்கோவில் இறங்கி, கிழக்கு பெர்லினுக்கு வந்து, அங்கிருந்து கள்ளமாக இங்கே. எந்த இடத்தில் பிடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வருகிறார்கள் என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பானை சட்டி வாங்கவில்லை, கட்டில் தேடவில்லை. தவம் கேட்டபோது, அவர்கள் வரமாட்டார்கள், ஏஜென்சிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சத்தமாகச் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் நான் யாருடைய குரலில் சொல்கிறேன் என்று எனக்கே கேட்டது.

வந்து சேர்ந்துவிட்டார்கள். வடக்கு ஸ்டேஷனிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தேன். மாடியில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். தவம், "என்ன வடிவான பிள்ளையடாப்பா" என்று தொடங்கினான். நான் பிள்ளையைச் சட்டென்று இறக்கி என் பின்னால் நிறுத்தினேன். அப்போது முசியே தன் கதவைத் திறந்தார். என் மகளுக்கு நாலு வயது. அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் குனிந்து அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். கை அவள் தலைக்கு மேலே வந்து தொடாமல் நின்றது. பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்துத் தொண்டை கிழியச் சொன்னார். "என்னா தம்பி இது, கொரங்குக்குட்டி மாதிரி. இத்தினி தூரத்துல இருந்து இதையா கூட்டியாந்தீங்க. ஒண்ணுத்துக்கும் உதவாது." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆரப்பா உந்தக் கிழவன்?" என்று என் மனைவி கேட்டாள். அவள் முகம் சிவந்துவிட்டது. நான் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "ஓம் முசியே, ஒண்டுக்கும் உதவாத பிள்ளைதான்" என்று அவரைப் போலவே மேலே பார்த்துக் கத்தினேன். மனைவி அந்தக் கிழமை முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

பிறகு நாங்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டோம். அவரும் ஓய்வு பெற்று எங்கோ போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பேத்தியை ஒருநாளாவது கண்டாரா என்று தெரியாது. எங்கள் பிள்ளையை இந்த நாட்டில் முதன்முதலில் ஆசீர்வதித்தது அந்த மனிதர்தான் என்று மனைவிக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை.

மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்கிறீர்களா. அவளா, ஒன்றுக்கும் உதவாதவள்.